பழைய ஹார்ட் இன்க்வயரியும் இறங்கிய கிரெடிட் ஸ்கோரும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அமெரிக்காவில் ஒருவருடைய கிரெடிட் ஸ்கோர் இறங்கினால் முதல் பழி ஹார்ட் இன்க்வயரி மேல்தான் விழும். கடன் கேட்டபோது வங்கி உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததன் பதிவுதான் அது. ரிப்போர்ட்டைத் திறந்ததும் தேதியும் பெயருமாகத் தனிப் பட்டியலில் கண்ணில் படுவது அதுதான். ‘ஒன்றரை வருடம் முன்னால் ஒரு கார்டுக்கு விண்ணப்பித்தேன், அது இன்னும் இழுக்கிறது’ என்று முடிவுகட்டி விடுகிறோம். பெரும்பாலும் அந்தப் பழைய வரிக்கும் இன்றைய ஸ்கோருக்கும் சம்பந்தமே இருக்காது. அதற்காக அதைப் பார்க்காமல் தள்ளிவிடவும் கூடாது. ஸ்கோரைத் தொடாத ஒரு பழைய வரி, உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் கேட்டதற்கான தடயமாக இருக்கலாம்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு தலைப்பு இருக்கிறது. உங்கள் நிலைமை எதுவோ அங்கே நேராகப் போகலாம். ‘தொடங்கும் முன்’ பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

## தொடங்கும் முன்

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று பீரோக்களின் (கடன் வரலாற்றைச் சேகரித்து வைக்கும் நிறுவனங்கள்) ரிப்போர்ட்டும் கையில் வேண்டும். ஆன்யுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒரு முறை மூன்றையும் இலவசமாக எடுக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்தால் ஸ்கோர் அசையாது. மூன்றும் எதற்கு என்றால், கார்டு கொடுக்கும் வங்கி பெரும்பாலும் ஒரே ஒரு பீரோவில்தான் விசாரிக்கும். அந்த வரி மற்ற இரண்டிலும் இருக்காது. ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சுத்தம்’ என்று நினைத்துக்கொள்வது வழக்கமாக நடக்கிற விஷயம்.

ரிப்போர்ட்டில் இன்க்வயரிகள் இரண்டு பட்டியலாக இருக்கும். நீங்கள் கடன் கேட்டதால் பதிவானவை ஹார்ட். அவை மற்ற வங்கிகளுக்கும் தெரியும். முன் ஒப்புதல் ஆஃபர் அனுப்பியவர்கள், வேலைக்கு எடுக்குமுன் சரிபார்த்த நிறுவனம், இன்ஷூரன்ஸ் கம்பெனி, அவ்வப்போது எட்டிப் பார்க்கும் உங்கள் சொந்த வங்கி, இவையெல்லாம் சாஃப்ட். அவை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், எந்த ஸ்கோரிலும் சேராது. சாஃப்ட் பட்டியலில் ஐம்பது பெயர் இருந்தாலும் கவலை வேண்டாம்.

இப்போது ஹார்ட் வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிரே அதன் வயதைப் போடுங்கள். 12 மாதத்துக்குள் இருந்தால் ஃபைக்கோ ஸ்கோர் (வங்கிகள் அதிகம் பார்க்கும் ஸ்கோர் வகை) அதைக் கணக்கில் எடுக்கும். 12 மாதம் தாண்டி 24 மாதத்துக்குள் என்றால் ரிப்போர்ட்டில் தெரியும், ஆனால் ஃபைக்கோ கண்டுகொள்ளாது. 24 மாதம் ஆகிவிட்டால் ரிப்போர்ட்டிலிருந்தே போய்விடும்.

எவ்வளவு புள்ளி என்று கேட்டால், ஓர் இன்க்வயரியால் பெரும்பாலானவர்களுக்கு 5 புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும் என்று ஃபைக்கோ நிறுவனமே சொல்கிறது. 300 முதல் 850 வரை போகும் அளவில் இது சின்னத் தும்மல். ஃபைக்கோ கணக்கில் தவணை கட்டிய வரலாறு 35 சதவீதம், பாக்கித் தொகை 30, கணக்குகளின் வயது 15, கடன் வகைகள் 10, புதிய கடன் 10. அந்தக் கடைசி 10 சதவீதத்துக்குள்ளும் இன்க்வயரி ஒரு பகுதி மட்டுமே. உங்கள் ஸ்கோர் 40 புள்ளி விழுந்திருந்தால், ஓர் ஒற்றை இன்க்வயரியை நோண்டிக்கொண்டிருப்பது நேர விரயம்.

## அறிகுறி: விண்ணப்பித்த சில வாரங்களில் ஸ்கோர் 20, 30 புள்ளி இறங்கியது

இங்கே இரண்டு சம்பவங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. விண்ணப்பித்த அன்று இன்க்வயரி பதிவாகிறது. சில வாரம் கழித்துப் புதிய கணக்கு ரிப்போர்ட்டில் ஏறுகிறது. பெரிய இறக்கம் வருவது அனேகமாக இரண்டாவதால்தான்.

ஏன் என்று பாருங்கள். உங்களிடம் 8 வருடக் கார்டு ஒன்றும் 4 வருடக் கார்டு ஒன்றும் இருந்தால் சராசரி வயது 6. புதிதாக ஒன்று சேர்ந்ததும் அது 4 ஆகிவிடுகிறது. அதோடு ‘கடைசியாகக் கணக்கு திறந்து எவ்வளவு காலம் ஆயிற்று’ என்ற அளவும் பூஜ்யத்துக்குப் போகிறது. இதற்கு மருந்து காத்திருப்பது மட்டும்தான்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டு, புதிய கணக்கே இல்லாமல் ஸ்கோர் இறங்கியிருந்தால் கார்டு பாக்கியைப் பாருங்கள். மறுப்பு என்ற விவரம் ரிப்போர்ட்டில் பதிவாவதில்லை, இன்க்வயரி மட்டுமே பதிவாகும். ஆக, மறுத்ததற்காக யாரும் புள்ளி குறைக்கவில்லை. ஆனால் கார்டுகள் பொதுவாக ஸ்டேட்மென்ட் தேதியில் உள்ள பாக்கியை பீரோவுக்கு அனுப்புகின்றன. நீங்கள் மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவராக இருந்தாலும், ஸ்டேட்மென்ட் போட்ட அன்று பெரிய தொகை நின்றிருந்தால் அதுதான் ரிப்போர்ட்டில் ஏறும். அடுத்த ஸ்டேட்மென்டுக்கு முன்பே கொஞ்சம் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாக்கி குறைந்ததும் ஸ்கோர் ஏறினால், இன்க்வயரியை விடுதலை செய்துவிடலாம்.

## அறிகுறி: மறுப்புக் கடிதத்தில் ‘இன்க்வயரிகள் அதிகம்’ என்று எழுதியிருக்கிறது

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வரி இது. நிதானமாகப் பார்ப்போம்.

கடன் மறுத்தால் வங்கி உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்து மறுத்திருந்தால் எந்த பீரோவின் ரிப்போர்ட், என்ன ஸ்கோர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் கவனித்தால் இரண்டு தனித்தனிக் காரணப் பட்டியல்கள் இருக்கக்கூடும். ஒன்று, வங்கி ஏன் மறுத்தது என்பது. மற்றது, உங்கள் ஸ்கோரைக் குறைத்த முக்கியக் காரணிகள். இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்கோர் காரணிகளின் பட்டியலைப் பற்றி 1970-ஆம் வருடத்து நியாயமான கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டத்தில் ஒரு வேடிக்கையான விதி, பிற்பாடு திருத்தமாகச் சேர்ந்தது, இருக்கிறது. முக்கியக் காரணிகள் அதிகபட்சம் நான்கு சொல்ல வேண்டும், முக்கியத்துவத்தின் வரிசைப்படி. ஆனால் இன்க்வயரிகளின் எண்ணிக்கை ஒரு காரணியாக இருந்தால், அந்த நான்கு என்ற வரம்பைத் தாண்டியாவது அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதாவது பாக்கித் தொகை, தவறிய தவணை, கணக்கின் வயது, புதிய கணக்குகள் என்று நான்கு கனமான காரணங்கள் முடிந்த பிறகு, ஐந்தாவதாக ‘இன்க்வயரிகள்’ என்று ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும். வாசிக்கிறவருக்கு அந்தக் கடைசி வரி மட்டும் மனதில் தங்கிவிடுகிறது, ஏனென்றால் மற்ற நான்கும் புரியாத சொற்றொடர்களாக இருக்கும். இது மட்டும் பளிச்சென்று புரியும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது இடம். ஐந்தாவதாக நின்றால் விட்டுவிட்டு முதல் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முதல் இடத்திலோ, வங்கியின் சொந்த மறுப்புக் காரணமாகவோ இருந்தால் விஷயம் வேறு. சில வங்கிகள் ஸ்கோரைத் தாண்டித் தங்கள் உள்விதிப்படி, கடந்த ஆறு மாதத்தில் இத்தனை இன்க்வயரிக்கு மேல் இருந்தால் வேண்டாம் என்று நிறுத்திவிடுவதுண்டு. 780 ஸ்கோர் வைத்திருப்பவரும் அதில் அடிபடுவார். அங்கே போய் ஸ்கோரைக் காட்டிச் சண்டை போட்டுப் பயனில்லை. வங்கியை அழைத்து மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதற்கு இன்னோர் ஹார்ட் இன்க்வயரி போடுவார்களா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிகள் இதை ஏன் இவ்வளவு பார்க்கின்றன? ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இன்க்வயரி உள்ளவர்கள், ஒன்றுமே இல்லாதவர்களைவிட எட்டு மடங்கு வரை திவாலாகும் வாய்ப்புள்ளவர்கள் என்று ஃபைக்கோ சொல்லி வருகிறது. இன்க்வயரி அவர்களைத் திவாலாக்கவில்லை; பணமுடையில் இருப்பவர்தான் பத்து இடத்தில் கேட்பார். அந்தப் பொது வழக்கத்தை வைத்து உங்களையும் எடை போடுகிறார்கள், அவ்வளவுதான்.

கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் அந்த பீரோவிடமிருந்து இலவச ரிப்போர்ட் கேட்கும் உரிமையும் உண்டு. வாராந்திர இலவச ரிப்போர்ட் இருக்கும்போது இது தேவைப்படாது என்றாலும், இணையத்தில் உங்கள் அடையாளம் சரிபார்க்க முடியாமல் தடுமாறினால் கைகொடுக்கும்.

## அறிகுறி: இன்க்வயரிக்கு ஒரு வயது முடிந்தும் ஸ்கோர் ஏறவில்லை

ஏறாமல் இருப்பதும் இயல்புதான். 3 புள்ளி எடுத்த வரி விலகினால் அதிகபட்சம் 3 புள்ளிதான் திரும்பும். அதையும் அந்த மாதத்துப் பாக்கி மாற்றம் விழுங்கிவிடலாம். ‘12 மாதம் ஆனதும் பெரிதாகத் துள்ளும்’ என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

வேறென்ன பார்க்கலாம்? கார்டு வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்பதை மொத்தமாகவும், ஒவ்வொரு கார்டுக்குத் தனியாகவும் பாருங்கள். ஏதாவது கார்டை மூடினீர்களா, அல்லது வங்கியே வரம்பைக் குறைத்துவிட்டதா? இரண்டிலும் மொத்த வரம்பு சுருங்கி, அதே பாக்கி பெரிய சதவீதமாகத் தெரியும். 30 நாள் தாமதம் ஒன்று எங்காவது பதிவாகியிருக்கிறதா? தவறிய தவணை 7 வருடம் ரிப்போர்ட்டில் இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு வருட இன்க்வயரி ஒன்றுமே இல்லை. மறந்துபோன ஒரு மருத்துவமனை பில்லோ பழைய வீட்டின் மின்கட்டணமோ வசூல் நிறுவனத்தின் கலெக்‌ஷனுக்குப் போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: 24 மாதம் தாண்டியும் வரி அப்படியே இருக்கிறது

முதலில், பார்ப்பது புதிதாக எடுத்த ரிப்போர்ட்டா என்று உறுதி செய்யுங்கள். பழைய பிடிஎஃபை வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் தேதியைப் பாருங்கள். அதே வங்கி பிறகு இன்னொரு முறை விசாரித்திருந்தால் அது புது வரி, புதுக் கடிகாரம். சாஃப்ட் பட்டியலில் இருந்தால் விட்டுவிடலாம்.

எல்லாம் சரிபார்த்தும் நிற்கிறதென்றால் பீரோவிடம் தகராறு (டிஸ்ப்யூட், அதாவது ‘இது தவறு’ என்ற முறையீடு) பதிவு செய்யலாம். ஸ்கோருக்காக அவசரப்பட வேண்டியதில்லை, அது 12 மாதத்திலேயே கணக்கிலிருந்து போய்விட்டது. அதே காரணத்தால், 24-ஆம் மாதம் வரி மறைந்த அன்று ஃபைக்கோ ஸ்கோர் மேலே போகாது. அன்று ஏதாவது மாறியிருந்தால் அது தற்செயல்.

## அறிகுறி: வாங்கியது ஒரு கார், பதிவானது ஏழு இன்க்வயரி

கார் டீலர் உங்கள் விண்ணப்பத்தை ஒரே மாலையில் பல கடன் நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றும் தனியாக விசாரிக்கும், ஒவ்வொன்றும் தனி வரியாகப் பதிவாகும். ரிப்போர்ட்டில் பார்க்கக் கொடூரமாக இருக்கும். ஸ்கோர் கணக்கு வேறு மாதிரி.

வீட்டுக் கடன், கார் கடன், படிப்புக் கடன் ஆகிய மூன்றுக்கும் வட்டி ஒப்பிட்டுப் பார்க்க ஃபைக்கோ இடம் கொடுக்கிறது. ஸ்கோர் போடும் நாளுக்கு முந்தைய 30 நாளில் வந்த இவ்வகை இன்க்வயரிகளைத் தொடுவதே இல்லை. அதற்கு முந்தையவற்றில், குறிப்பிட்ட நாள்களுக்குள் கும்பலாக வந்தவற்றை ஒன்றாக எண்ணும். பழைய ஃபைக்கோ வடிவங்களில் அது 14 நாள், புதியவற்றில் 45 நாள். ஃபைக்கோவுக்குப் போட்டியான வான்டேஜ்ஸ்கோரில் 14 நாள். எந்த வங்கி எந்த வடிவத்தைப் பயன்படுத்தும் என்பது உங்கள் கையில் இல்லை, ஆகவே 14 நாளுக்குள் ஒப்பீட்டை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வாரம் தாராளமாகப் போதும்.

கிரெடிட் கார்டுக்கு ஃபைக்கோவில் இந்தச் சலுகை இல்லை. ஒரே வாரத்தில் நான்கு கார்டுக்கு விண்ணப்பித்தால் நான்கும் நான்குதான்.

சரி, காருக்கான ஏழும் 14 நாளுக்குள் இருந்தும் ஸ்கோர் அதிகமாகக் குறைந்திருந்தால், ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் என்ன வகை என்று போட்டிருப்பதைப் படியுங்கள். கார் கடன் என்று இல்லாமல் பொதுவான வகையில் பதிவாகியிருந்தால் கும்பலில் சேராமல் போகலாம். விசாரித்த நிறுவனத்தை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை, டீலரிடம் போகும் முன்பே ஒரு வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனால் இந்தக் கூத்தே தேவையில்லை.

## அறிகுறி: ஒரு ஆப்பில் ஒரு எண்ணிக்கை, வங்கியில் வேறு

இலவச ஆப்புகள் காட்டுவது எல்லாமே ஃபைக்கோ இல்லை. உதாரணத்துக்கு, கிரெடிட் கர்மா காட்டுவது டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் தகவல்களை வைத்துப் போட்ட வான்டேஜ்ஸ்கோர் 3.0. எக்ஸ்பீரியனில் விழுந்த இன்க்வயரி அங்கே தெரியவே தெரியாது. வான்டேஜ்ஸ்கோர் இன்க்வயரிக்கு ஃபைக்கோ அளவுக்கு அப்படியே புள்ளி போடுவதும் இல்லை. ஆகவே இரண்டு ஸ்கோர்களை ஒப்பிட்டுக் குழம்பாமல், ஒரே ஆப்பில் ஒரே ஸ்கோர் மாதாமாதம் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

## அறிகுறி: வீட்டுக் கடன் அதிகாரி பழைய இன்க்வயரிக்கெல்லாம் விளக்கக் கடிதம் கேட்கிறார்

இதற்கும் ஸ்கோருக்கும் தொடர்பில்லை. அந்த இன்க்வயரிகளால் உங்கள் பெயரில் ரிப்போர்ட்டில் இன்னும் ஏறாத புதுக் கடன் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. மாதத் தவணை கூடியிருந்தால் உங்களுக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற கணக்கு மாறிவிடும். வழக்கமாகக் கடந்த மூன்று, நான்கு மாதத்து வரிகளைத்தான் கேட்பார்கள்.

கடிதம் இரண்டு வரியில் முடியட்டும்: எந்தத் தேதியில், யார், எதற்காக விசாரித்தார்கள், கணக்கு திறந்ததா இல்லையா. கதை வேண்டாம். கடன் கைக்கு வரும் வரை சோபா தவணையில் வாங்குவது, புதுப் போன் எடுப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கடைசி நாளுக்கு முன் ரிப்போர்ட்டை மறுபடி பார்ப்பது அவர்கள் வழக்கம்.

## அறிகுறி: அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஓர் இன்க்வயரிக்கே ஸ்கோர் பலமாக ஆடுகிறது

வரலாறு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் எடை கூடும். ஃபைக்கோ ஸ்கோர் உருவாகவே ஆறு மாதமாவது ஆன ஒரு கணக்கு வேண்டும். அதற்கு முன் ஐந்து கார்டுக்கு விண்ணப்பித்து ஐந்திலும் மறுப்பு வாங்குவது பலர் போகும் பாதை. இந்தியாவில் சிபில் ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இங்கே தானாக வராது, அங்கே பதிவான என்க்வயரியும் வராது. டெபாசிட் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு ஒன்றை எடுத்து, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்த வங்கியின் தளத்தில் முன்தகுதிச் சோதனை இருந்தால் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் சாஃப்ட். ‘உங்கள் ஸ்கோரைப் பாதிக்காது’ என்று அங்கே எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ‘பணம் கொடுங்கள், இன்க்வயரிகளை அழித்துத் தருகிறோம்’ என்று அழைப்பு வருகிறது

போனை வைத்துவிடுங்கள். நீங்கள் விண்ணப்பித்து வந்த ஹார்ட் இன்க்வயரி உண்மைத் தகவல், அதை யாரும் சட்டப்படி அழிக்கச் சொல்ல முடியாது. தவறானது என்றால் நீங்களே இலவசமாகத் தகராறு செய்யலாம். வேலையை முடிக்கும் முன் கட்டணம் வாங்கக் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஒப்பந்தம் போட்ட மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

இதில் மோசமான வகை ஒன்று உண்டு. எல்லா இன்க்வயரியையும் அடையாளத் திருட்டு என்று உங்கள் பெயரில் புகார் எழுதிவிடுவார்கள். அரசாங்கத்திடம் பொய் சொன்னதாகப் பதிவாவது உங்கள் பெயர்தான். 12 மாதத்தில் தானாக உதிரும் 3 புள்ளிக்காக இந்த வம்பு எதற்கு?

## அறிகுறி: பட்டியலில் தெரியாத பெயர்

இதுதான் உண்மையில் நேரம் செலவிட வேண்டிய இடம். வரி 20 மாதம் பழையதாக இருந்தாலும், ஸ்கோரை ஒரு புள்ளிகூடத் தொடாவிட்டாலும், கடந்து போகாதீர்கள்.

முதலில் சாதாரண விளக்கங்களைத் தேடுங்கள். கடையில் எடுத்த கார்டின் மேல் கடையின் பெயர் இருக்கும், ரிப்போர்ட்டில் அதைக் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும். சிங்க்ரனி, காமெனிட்டி போன்ற பெயர்கள் பலரை இப்படித்தான் திடுக்கிட வைக்கின்றன. வீட்டுக் கடனில் இடைத்தரகராக ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் வரும். வாடகை வீடு, செல்போன் இணைப்பு, கார்டு வரம்பைக் கூட்டக் கேட்டது, இவற்றிலும் சில நிறுவனங்கள் ஹார்ட் இன்க்வயரி போடுகின்றன. தம்பியின் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டீர்களா? அந்த இன்க்வயரி உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும். அந்தத் தேதியை உங்கள் மின்னஞ்சலில் போட்டுத் தேடினால் பாதி மர்மம் அங்கேயே அவிழும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் விசாரித்த நிறுவனத்தை அழையுங்கள். முகவரியும் எண்ணும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். பீரோவிடம் நேராகப் போனாலும் அவர்கள் பல சமயம் ‘முதலில் கடன் நிறுவனத்திடம் கேளுங்கள்’ என்றுதான் அனுப்புவார்கள். கேட்க வேண்டியது: எந்த விண்ணப்பம், எந்த முகவரி, என்ன அனுமதியின் பேரில் என் ரிப்போர்ட்டை எடுத்தீர்கள். சட்டம் அனுமதிக்கும் நோக்கம் இல்லாமல் ஒருவருடைய ரிப்போர்ட்டை எடுக்கக் கூடாது. வேண்டுமென்றே எடுத்திருந்தால் நீதிமன்றத்தில் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடு கோர வழி உண்டு. தவறாக எடுத்ததாக அவர்கள் ஒப்புக்கொண்டால், அதை நீக்கச் சொல்லி பீரோவுக்கு எழுதும்படி கேட்டு, கடிதத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பீரோவில் தகராறு போடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் சி.எஃப்.பி.பி. (நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பு) தளத்தில் புகார் செய்யலாம். கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புவது பழங்காலத்து வழிதான், ஆனால் பின்னால் வாதாட அதைவிட நல்ல சான்று கிடையாது.

உங்கள் பெயரில் யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வேகம் வேண்டும். ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதிந்து அடையாளத் திருட்டு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையையும் அடையாளச் சான்றையும் இணைத்து பீரோவுக்கு அனுப்பினால், திருட்டால் வந்த தகவலை நான்கு வேலை நாளுக்குள் அவர்கள் மறைக்க வேண்டும். மோசடி எச்சரிக்கையை (கடன் கொடுக்குமுன் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும் குறிப்பு) ஒரு பீரோவில் போட்டால் போதும், மற்ற இரண்டுக்கும் அதுவே சொல்லிவிடும். ஒரு வருடம் இருக்கும். அறிக்கை கையில் இருந்தால் 7 வருட எச்சரிக்கையும் கேட்கலாம். அந்த ஓர் இன்க்வயரியோடு நிறுத்தாமல், மற்ற இரு பீரோக்களிலும் அதே வாரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு வங்கி மறுத்ததும் திருடர் அடுத்த வங்கிக்குப் போயிருப்பார், அந்த வங்கி வேறு பீரோவில் கேட்டிருக்கும்.

கிரெடிட் ஃப்ரீஸ் போடுவது, அதாவது புதிதாகக் கடன் கொடுப்பவர்கள் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்க முடியாமல் பூட்டுவது, 2018 செப்டம்பர் 21 முதல் எல்லோருக்கும் இலவசம். என்னைக் கேட்டால் அடுத்த சில மாதத்தில் கடன் வாங்கும் திட்டம் இல்லாத எல்லோரும் போட்டு வைக்கலாம். எச்சரிக்கையைப் போல் இது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாது. மூன்று பீரோவிலும் தனித்தனியாகப் போட வேண்டும். இணையத்திலோ போனிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் போட வேண்டும், எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள இன்க்வயரிகளை இது அழிக்காது, ஸ்கோரையும் தொடாது. உங்களிடம் இப்போது கணக்கு உள்ள வங்கிகளின் சாஃப்ட் இன்க்வயரிகள் தொடர்ந்து வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறகு நீங்களே கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது எந்த பீரோவில் கேட்பார்கள் என்று வங்கியிடம் விசாரித்து, அதில் மட்டும் சில நாளுக்குத் திறந்துவிட்டால் போதும்.